உயுனியிலிருந்து சான் பெத்ரோ வரை: பொலிவியா–சிலி மலை எல்லையைக் கடக்க முழு வழிகாட்டி

ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதற்கு மேல் ஏற இடமே கிடையாது. பொலிவியாவும் சிலியும் ஒன்றையொன்று தொடும் இத்தோ காஹோன் எல்லைச் சாவடி ஏறக்குறைய 4,480 மீட்டரில் நிற்கிறது. அதாவது ஊட்டியின் மேல் இன்னொரு ஊட்டியைத் தூக்கி வைத்தது போல. அந்தச் சாவடிக்குப் போகும் மூன்று நாள் ஜீப் பாதையில் உப்புப் பாலைவனம், சிவப்பு ஏரி, கொதிக்கும் சேறு, பூநாரைக் கூட்டம், புகையும் எரிமலை எல்லாம் வரும். பார்த்தவர்கள் ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் பாதிப் பேர் இரண்டாம் நாள் இரவைத் தலையைப் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுத்துக் கழிக்கிறார்கள். அதற்குக் காரணம் திட்டம் போட்ட விதம்தான். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்தார்கள், உயரத்தைப் பார்க்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் உயரத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

வழி இரண்டு. சிலியின் சான் பெத்ரோ தெ அடகாமாவிலிருந்து ஏறி பொலிவியாவின் உயுனியில் இறங்கலாம். அல்லது உயுனியில் தொடங்கி சான் பெத்ரோவில் முடிக்கலாம். ஏரிகளும் மலைகளும் இரண்டிலும் ஒன்றேதான், வரிசை மட்டும் தலைகீழாகும்.

நான் முதல் முறை சான் பெத்ரோவிலிருந்து ஏறினேன். அந்த ஊர் 2,400 மீட்டர்தான், உடம்புக்கு ஒரு குறையும் தெரியாது. காலையில் வண்டி கிளம்பி ஒரு மணி நேரத்தில் 4,480 மீட்டர். மதியத்துக்குள் 4,850-ஐத் தாண்டியாயிற்று. அன்றிரவே 4,300 மீட்டரில் படுக்கை. இரவு முழுக்க மூச்சு பாதியில் அறுந்து அறுந்து எழுப்பியது. இரண்டாம் முறை உயுனியிலிருந்து வந்தேன். அந்த ஊர் சுமார் 3,660 மீட்டர், முதல் இரவு ஏறத்தாழ அதே உயரத்தில், இரண்டாம் இரவு 4,300, மூன்றாம் நாள் உச்சியைத் தொட்டுவிட்டு நேராகக் கீழே இறக்கம். அதே இடங்கள்தான், ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் நின்று பார்க்க முடிந்தது.

அதனால் உயுனியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. விமானச் சீட்டோ விசாவோ சிலி வழியாகத்தான் அமைகிறது என்றால், சான் பெத்ரோவில் குறைந்தது மூன்று இரவு தங்கி, மூன்றாம் நாள் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் வரை (4,320 மீட்டர்) ஒருமுறை போய்த் திரும்பிவிட்டு அப்புறம் ஏறுங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பொலிவியாவின் தெற்கில் துபிசா என்ற ஊரிலிருந்து நான்கு நாள் பயணம் கிளம்புகிறது. அர்ஜென்டினாவிலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதி.

எப்போது போவது?

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும், பாதைகள் திறந்திருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே 15, 20 டிகிரி வரை இறங்கும். பனி விழுந்தால் எல்லைக் கணவாயை ஓரிரு நாள் மூடிவிடுவதும் உண்டு.

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை மழை. உப்புப் பரப்பின் மேல் சில சென்டிமீட்டர் தண்ணீர் நின்று, வானம் முழுவதும் தரையில் தெரியும் அந்தப் படங்கள் இந்த மாதங்களில் எடுத்தவை. அதற்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் அதிகமானால் நடுவில் இருக்கும் இன்காவாசி தீவுக்கு வண்டி போகாது, தெற்கே ஏரிப் பாதையும் சேறாகலாம்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவர்களுக்கு ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர், அக்டோபர் ஆகியவற்றைச் சொல்வேன். குளிர் தாங்கும்படி இருக்கும், பாதையும் நம்பகமானது. கண்ணாடி வானம்தான் உங்கள் கனவு என்றால் பிப்ரவரியைப் பாருங்கள்.

விசாவும் தடுப்பூசியும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நாடுகளுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. சிலிக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்து, அதில் குறைந்தது 6 மாதம் மிச்சமிருந்தால், தனி விசா இல்லாமல் சுற்றுலாப் போகலாம் என்ற சலுகையை 2019-ல் கொண்டுவந்தார்கள். அது இல்லாதவர்கள் முறையாக விண்ணப்பிக்க வேண்டும். பொலிவியாவுக்கு விசா தேவை. பயணத் திட்டம், தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு ஊரிலிருந்தே முடித்துவிடுங்கள். மலை உச்சியில் இருக்கும் சின்னச் சாவடியில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன் இரு தூதரகங்களின் தளங்களையும் அன்றைய தேதியில் பார்த்துவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விதி வேறு, இந்தியர்களுக்குச் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் போகும் மலைப்பகுதியில் அந்தக் கொசுவே கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பொலிவியா இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. திரும்பி வரும்போது சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே நிறுத்தி, 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

போய்ச் சேருவது, கூடவே உடம்பைப் பழக்குவது

இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. துபாய், டோஹா, அடிஸ் அபாபா ஆகியவற்றில் ஒன்றின் வழியாக பிரேசிலின் சாவ் பாவ்லோ போவது நமக்கு வசதியான பாதை. முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக எடுங்கள். தனித்தனிச் சீட்டு எடுத்தால் சாவ் பாவ்லோவில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிரேசில் விசா கேட்பார்கள்.

சாவ் பாவ்லோவிலிருந்து நேரே லா பாஸ் போக மனம் வரும். போகாதீர்கள். லா பாஸின் எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4,061 மீட்டரில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து வந்து அங்கே இறங்கியதும் பெட்டி எடுக்கும் இடத்திலேயே கால் தள்ளாடும். நான் சொல்லும் பாதை இது: முதலில் சான்டா குரூஸ், அது வெறும் 400 மீட்டர், ஒரு இரவு தூங்கிக் களைப்பைத் தீருங்கள். அடுத்து உள்நாட்டு விமானத்தில் சுக்ரே, 2,800 மீட்டர். அங்கே இரண்டு அல்லது மூன்று இரவு. வெள்ளைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளுமான அழகான பழைய நகரம். 1825-ல் பொலிவியா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட மண்டபம் இங்கேதான் இருக்கிறது. நாட்டின் சட்டப்படியான தலைநகரமும் இதுதான். சந்தையில் பழச்சாறு குடித்துக்கொண்டு நடந்தாலே உடம்பு தானாகப் பழகும். அதன்பின் பேருந்தில் பொதோசி வழியாக உயுனி, ஏழெட்டு மணி நேரம். பொதோசி 4,000 மீட்டருக்கு மேல், அங்கே தங்காமல் கடந்துவிடுங்கள். உயுனியில் ஒரு முழு நாளாவது சும்மா இருங்கள்.

உயரத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். 4,500 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கிறது, அதற்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. வயதுக்கும் உடற்பயிற்சிக்கும் இதில் பெரிய சம்பந்தமில்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடும் இளைஞர் விழுந்துவிடுவார், அவருடைய அம்மா நிம்மதியாகச் சூப் குடித்துக்கொண்டிருப்பார்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை ஆகியவை சாதாரண அறிகுறிகள். ஓய்வு எடுத்தால், மேலே ஏறாமல் இருந்தால், ஓரிரு நாளில் தணியும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். இறங்குவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பிட்டால் விரல் நுனி சுருசுருவென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பயணத்தைத் தொடவே கூடாது.

உள்ளூர்க்காரர்கள் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். பொலிவியாவில் அது சட்டப்படி சரி, வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுப்பது போல. லேசான கசப்பும் பச்சிலை வாசமுமாக இருக்கும், வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதன் ஒரு இலைகூட உங்கள் பையில் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலையில் சிறுநீர்ப் பரிசோதனை இருப்பவர்கள் தேநீரையும் தவிர்த்துவிடுங்கள், சோதனையில் தெரியும்.

ஜீப்பை அமர்த்துவது

உயுனியில் தெருவுக்குப் பத்துச் சுற்றுலா அலுவலகம் இருக்கும். நான்கு சக்கர ஓட்டமுள்ள லேண்ட் குரூசர், ஐந்து அல்லது ஆறு பயணிகள், ஓட்டுநரே சமையலும் செய்வார், கூரையில் பைகள். எல்லா இடத்திலும் இதே ஏற்பாடுதான். வித்தியாசம் ஓட்டுநரிலும் வண்டியிலும் இருக்கிறது. பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- வண்டியில் எத்தனை பேர்? ஆறுக்கு மேல் என்றால் வேண்டாம்.
- எல்லா இருக்கைக்கும் பெல்ட் உண்டா, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? வண்டியை நேரில் பார்க்கக் கேளுங்கள்.
- மூன்றாம் நாள் எல்லையிலிருந்து சான் பெத்ரோவுக்குப் போகும் வேன் கட்டணத்தில் சேர்த்தியா?
- தூங்கும் பை வாடகைக்குத் தருவார்களா?
- ஓட்டுநருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியுமா?

மூன்றாவது கேள்வியை மறந்தால் பெரிய சிக்கல். இத்தோ காஹோனில் ஊர் இல்லை, கடை இல்லை, அரசுப் பேருந்து இல்லை. முன்பதிவு செய்த வேன் மட்டும்தான் வரும். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஓட்டுநரிடம் மது வாடை வந்தால் ஏறாதீர்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. அடையாளப் பலகையோ கைபேசிச் சிக்னலோ இல்லாத வெளியில் மூன்று நாள் உங்கள் உயிர் அவர் கையில் இருக்கிறது.

பணம்

மூன்று நாள் பாதையில் ஏடிஎம் கிடையாது, அட்டை செல்லாது. பூங்கா நுழைவு, இன்காவாசி தீவு, குளியல், கழிப்பறை எல்லாம் பொலிவியானோ ரொக்கத்தில்தான். எதுவார்தோ அவரோவா தேசிய வனவிலங்கு காப்பகத்துக்கு வெளிநாட்டவர் கட்டணம் பல ஆண்டுகளாக 150 பொலிவியானோ. அந்தச் சீட்டைக் கடைசி நாள்வரை பத்திரமாக வைத்திருங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். அமெரிக்க டாலர் நோட்டுகள் மடிப்பும் கிழிசலும் இல்லாமல் இருக்க வேண்டும், சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். 2023-லிருந்து பொலிவியாவில் டாலர் தட்டுப்பாடு தலைதூக்கியதால், வங்கி விலைக்கும் கடை விலைக்கும் பெரிய இடைவெளி வந்தது. போகும் வாரத்தில் இரண்டையும் விசாரித்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று. பொலிவியாவில் ஏதாவது கோரிக்கைக்காக ஊர்மக்கள் சாலையை மறிப்பது வழக்கம், புளோக்கியோ என்பார்கள். ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். திரும்பும் விமானத்துக்கும் எல்லை கடக்கும் நாளுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாளாவது விட்டு வையுங்கள்.

பையும் சாப்பாடும்

உடுப்பை அடுக்கடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டும் வெப்ப உள்ளாடை, கம்பளிச் சட்டை, காற்றுத் தடுக்கும் மேலங்கி. குல்லாய், கையுறை, இரண்டு ஜோடித் தடித்த காலுறை. தங்குமிடங்களில் அறைச் சூடாக்கி கிடையாது, மின்சாரம் மாலையில் சில மணி நேரம். கேமரா பேட்டரியையும் கைபேசியையும் போர்வைக்குள் வைத்துத் தூங்குங்கள், வெளியே வைத்தால் விடிவதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. உப்பு வெளியில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் திரும்பி அடிக்கிறது. முகத்தில் கிரீம் பூசியவர்களுக்குக்கூட தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் உள்ளேயும் தோல் வெந்துபோகும். அந்த இரண்டு இடத்திலும் மறக்காமல் பூசுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உப்பில் ஒரு மணி நேரம் நின்றால் இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தும்.

உயுனியிலேயே ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், கழிப்பறைத் தாள், பிஸ்கட், உதட்டுக்கு மெழுகு வாங்கிவிடுங்கள்.

சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டும்தான், கோழி அதில் சேராது. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லுங்கள். கினுவா சூப்பும் உருளைக்கிழங்கும் தாராளமாகக் கிடைக்கும். கறுத்துச் சுருங்கிய கூழாங்கல் மாதிரி ஒன்று தட்டில் வந்தால் அது சூன்யோ. கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். நம் வத்தல் போல ஆண்டுக்கணக்கில் கெடாது. மண்வாசம் தூக்கலாக இருக்கும், சூப்போடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

இரவு வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். உயரத்தில் செரிமானம் மெதுவாகும், அது தூக்கத்தையும் கெடுக்கும். மது மூன்று நாளும் வேண்டாம்.

முதல் நாள்: உப்பு

ஊருக்கு வெளியே ரயில் இடுகாடு. துருப்பிடித்த பழைய நீராவி எஞ்சின்கள் வரிசையாக மணலில் புதைந்து நிற்கும். அன்டோஃபகாஸ்டா துறைமுகத்துக்குக் கனிமம் கொண்டுபோக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ரயில் பாதைதான் உயுனி என்ற ஊரையே உண்டாக்கியது. எல்லா வண்டியும் முதலில் இங்கேதான் வரும், கூட்டம் இருக்கும். பதினைந்து நிமிடம் போதும்.

கொல்சானி கிராமத்தைத் தாண்டியதும் சலார் தெ உயுனி தொடங்குகிறது. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் உப்பு. பழைய பெரிய ஏரிகள் வற்றி விட்டுப்போன தரை இது. முழுப் பரப்பிலும் மேடுபள்ளம் ஒரு மீட்டருக்குள்தான், செயற்கைக்கோள்களின் உயர அளவீட்டைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் குனிந்து பாருங்கள். உப்பு ஐந்து கோணம், ஆறு கோணமாக வரப்பு கட்டியிருக்கும். வரப்பின் விளிம்பு விரல் உயரத்துக்கு எழும்பி, தொட்டால் பொரி போல நொறுங்கும். மிதித்து நடக்கும்போது கரக், கரக் என்று சத்தம். நின்றுவிட்டால் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது. அந்த நிமிடத்துக்காகவே ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.

நடுவில் இன்காவாசி தீவு. பத்து மீட்டரை எட்டும் கள்ளி மரங்கள், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். பாறையில் பழைய ஏரிக்காலத்துப் பவளம் போன்ற படிமங்கள் ஒட்டியிருக்கும். ஏறும் பாதை சிறியதுதான், ஆனாலும் பத்து அடிக்கு ஒருமுறை நில்லுங்கள், முதல் நாளே மூச்சை வீணாக்க வேண்டாம்.

இரவு உப்புக் கட்டிகளால் கட்டிய விடுதி. சுவர், கட்டில், மேசை எல்லாம் உப்பு. குளியல் வசதி இருக்கும் கடைசி இடம் பெரும்பாலும் இதுதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: ஏரிகள்

எல்லையோரமாகத் தெற்கே போவீர்கள். மேற்கில் 5,868 மீட்டர் ஓயாகுவே எரிமலை புகைந்துகொண்டிருக்கும். கன்யாபா, எதியோந்தா என்று அடுத்தடுத்து ஏரிகள். எதியோந்தா என்றால் நாற்றமடிப்பது என்று பொருள், கந்தக வாடை.

பூநாரை மூன்று வகை இங்கே உண்டு, காலைப் பார்த்தால் பிரித்துவிடலாம். மஞ்சள் கால் என்றால் ஆண்டியன் பூநாரை. சாம்பல் காலில் மூட்டு மட்டும் சிவப்பு என்றால் சிலியன். கால் செங்கல் நிறம், அலகு பளீர் மஞ்சளில் நுனி மட்டும் கறுப்பு என்றால் ஜேம்ஸ் பூநாரை. அந்த மூன்றாவது பறவை அழிந்தேபோய்விட்டது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள், 1950-களில்தான் இந்தப் பக்கத்து ஏரிகளில் மறுபடி கண்டார்கள். அதனால் அருகில் போய்ப் படம் எடுக்க ஓடாதீர்கள். கூட்டம் பறந்தால் அந்தக் குளிரில் அவை சேர்த்துவைத்த பலமெல்லாம் வீணாகிறது. கரையில் அசையாமல் உட்காருங்கள், அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும்.

பாறை இடுக்கில் பச்சை மெத்தை போல ஒன்று தெரிந்தால் அது யரேட்டா என்ற செடி. பார்க்கப் பஞ்சு, தொட்டால் கல். ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட வளராது. வண்டி அளவு பெரிய மெத்தை என்றால் பல நூறு ஆண்டு வயது. அதன் மேல் உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாலையில் லகுனா கொலொராதா. பாசியாலும் வண்டலாலும் ஏரி முழுவதும் சிவப்பு, நடுவில் வெண்காரம் படிந்த வெள்ளைத் திட்டுகள். காற்று அடிக்க அடிக்கச் சிவப்பு அழுத்தமாகும் என்பதால் பிற்பகலில் பார்ப்பது நல்லது. படுக்கை 4,300 மீட்டரில். தலையணையை உயர்த்தி வைத்துப் படுங்கள், தூக்கம் துண்டுதுண்டாக வருவது இங்கே எல்லோருக்கும் நடப்பது. விழித்துக்கொண்டால் போர்வையோடு வாசல்வரை வந்து வானத்தைப் பாருங்கள்.

மூன்றாம் நாள்: கொதிக்கும் தரை, அப்புறம் எல்லை

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். சோல் தெ மன்யானா, 4,850 மீட்டருக்கு மேல். தரை வெடித்து ஆவி பீறிடும், பள்ளங்களில் சாம்பல் நிறச் சேறு களி கிண்டுவது போலக் கொதிக்கும். வேலி இல்லை, எச்சரிக்கைக் கயிறு இல்லை, விளிம்பு மெல்லியது. ஓட்டுநர் நடக்கும் தடத்திலேயே நடங்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்தே வைத்திருங்கள். ஆவிக்குள் நின்று படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து இறங்கி போல்கெஸ் வெந்நீர்க் குளம். தலைச்சுற்றல் இருப்பவர்கள் காலை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களும் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். கடைசியாக லகுனா வெர்தே. பச்சை நீர், பின்னால் 5,916 மீட்டர் லிகன்காபூர் கூம்பாக நிற்கும். உச்சியில் இன்கா காலத்து இடிபாடுகளும் ஒரு சின்ன ஏரியும் இருக்கின்றன. நீரின் நிறத்துக்குக் காரணம் ஆர்செனிக் உள்ளிட்ட கனிமங்கள், கை நனைக்கக் கூடாது.

இந்த எல்லைக்கு ஒரு வலி உண்டு, தெரிந்துகொண்டு போவது மரியாதை. 1879-ல் தொடங்கிய பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது. நீங்கள் இறங்கப்போகும் சான் பெத்ரோவும் அதுவரை பொலிவியாவின் ஊர்தான். காப்பகத்துக்குப் பெயர் தந்த அவரோவா, அந்த ஆண்டு மார்ச் 23-ல் கலாமா அருகே சண்டையில் இறந்தவர். அந்த நாளை இன்றும் கடல் நாளாக பொலிவியாவில் அனுசரிக்கிறார்கள். கடலுக்கு வழி கேட்டு பொலிவியா தொடுத்த வழக்கில் 2018-ல் பன்னாட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. ஓட்டுநர் பேச்செடுத்தால் காதுகொடுத்துக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சாவடியில் நடக்க வேண்டியது இது. பொலிவியக் குடிவரவு ஒரு சின்னக் கட்டடம். நுழைவு முத்திரை, விசா, காப்பகச் சீட்டு மூன்றையும் கையில் எடுத்து வையுங்கள். வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டே நகருங்கள். அது இல்லாமல் சிலியில் நுழைய முடியாது. சில்லறைப் பொலிவியானோ கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். பைகளை வேனுக்கு மாற்றி, சிலிச் சாவடிக்குப் போவீர்கள். அங்கே ஒரு சிறிய அச்சுச் சீட்டுத் தருவார்கள். நாட்டைவிட்டு வெளியேறும்வரை அது வேண்டும். பதிவுபெற்ற விடுதிகளில் டாலரில் பணம் கட்டி அந்தச் சீட்டைக் காட்டினால் 19 சதவீத விற்பனை வரியும் கிடையாது.

அடுத்து வேளாண் சோதனை. சிலி இதில் கறார். பழம், விதை, தேன், பச்சை இலை எதுவும் உள்ளே போகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை, பயறு, மிளகு, கறிவேப்பிலைப் பொடி, ஊறுகாய் எதுவாக இருந்தாலும் படிவத்தில் ஆம் என்று குறித்துவிடுங்கள். எடுப்பதா விடுவதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அறிவித்தால் அபராதம் இல்லை, மறைத்தால் உண்டு. உடுப்புப் பையில் மறந்துபோன ஒரு கோகா மிட்டாய்கூட இல்லாதபடி முந்தின இரவே பையைக் கொட்டிப் பாருங்கள்.

சிலியின் கோடைக்கால நேரம் பொலிவியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அன்று மாலையே கலாமாவிலிருந்து விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். எல்லையில் வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றைய அதிர்ஷ்டம். விமானத்தை மறுநாளுக்கு வையுங்கள். பனியால் இந்தக் கணவாய் மூடியிருந்தால், உயுனியிலிருந்து ஓயாகுவே எல்லைச் சாவடி வழியாகக் கலாமா போகும் பேருந்து உண்டு, அந்தப் பாதை தாழ்வானது.

சாவடியைத் தாண்டியதும் தார்ச்சாலை. ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் 2,000 மீட்டர் இறக்கம். காது அடைத்து அடைத்துத் திறக்கும். மேலே மூடிவைத்த காலித் தண்ணீர் பாட்டில் யாரோ கையால் பிழிந்தது போல நசுங்கிக்கொண்டே வரும். மூன்று நாளாக நெஞ்சில் இருந்த இறுக்கமும் கூடவே இளகும். சான் பெத்ரோவில் இறங்கியதும் வழியெல்லாம் அடுத்த சுற்றுலாவுக்கு அழைப்பார்கள், நிலாப் பள்ளத்தாக்கு, நட்சத்திரம் பார்ப்பது என்று. எல்லாம் நாளைக்கும் இருக்கும். அன்று குளித்து, சூடாக ஏதாவது சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே படுத்துவிடுங்கள்.